வில்லும் கறியும் சுமக்க ஒரு பை: தாராவிப் பைத் தொழிலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்ணாச்சிமாரே, அக்காமாரே, பாய்மாரே,

காலா கில்லாவிலிருந்து தொண்ணூறடி ரோடு வரை, இரும்பு ஏணி பிடித்து ஏறும் மாடிக் கார்கானாக்களில் மிஷின் முன்னால் உட்கார்ந்திருக்கும் எல்லாருக்கும் செம்பூரிலிருந்து எழுதுகிறேன். தோல் பை, ரெக்சின் பை, பள்ளிக்கூடப் பை, லேப்டாப் பை என்று நீங்கள் தைக்காத பை கிடையாது. ஆனாலும் நான் தேடுகிற ஒன்று உங்களிடம் கிடைக்கவில்லை. போகும்போது வில்லையும், வரும்போது வில்லோடு சேர்த்து ஒரு கனத்த சுமையையும் தாங்குகிற முதுகுப் பை. அமெரிக்காவில் இதற்கு வேட்டைப் பை என்றே பெயர். போகையில் வில், திரும்புகையில் மான் கறி.

“வேட்டையா, மும்பையிலா?” என்று நீங்கள் சிரிப்பது கேட்கிறது. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு வில்லைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போகிறவர் நேரே ஜெயிலுக்குத்தான் போவார். அந்தச் சட்டம் நல்ல சட்டம், இருக்கட்டும். எனக்கு வேட்டை வேண்டாம், வேட்டைக்காரர்களின் பை மட்டும் வேண்டும். என் மகள் காம்பவுண்ட் வில் பழகுகிறாள். அந்த வில்லை ஹார்பர் லைனில் கொண்டுபோய்க் கொண்டுவருவதே ஒரு தனிப் பயிற்சியாக இருக்கிறது. அதற்குப் பை தேடப் போய்த்தான் இந்த வேட்டைப் பைகளின் அமைப்பு எனக்குப் பிடிபட்டது. பிடிபட்டதும் உங்கள் நினைவுதான் வந்தது.

நம் பக்கத்தில் இந்தச் சிக்கலில் மாட்டிய பெரிய மனிதர் கண்ணப்ப நாயனார். சேக்கிழாரின் பெரியபுராணம் சொல்லும் கதையை நீங்கள் கூத்தாகவோ சினிமாவாகவோ பார்த்திருப்பீர்கள். உடுப்பூர் வேடர் தலைவன் நாகனின் மகன் திண்ணனார், காளத்தி மலையில் தனியாக இருக்கும் சாமியைக் கண்டதும் உருகிப் போகிறார். சாமிக்குப் பசிக்குமே என்று, வேட்டையாடிய பன்றியை நெருப்பில் வாட்டி, கடித்து ருசி பார்த்து, நல்ல துண்டுகளை மட்டும் இலைக் கல்லையில் வைக்கிறார். ஒரு கையில் வில்லும் அம்பும், மறு கையில் கறி. அபிஷேகத்துக்குத் தண்ணீர் வேண்டும், சாத்துவதற்குப் பூவும் வேண்டும். கை ஏது? பொன்முகலி ஆற்றுத் தண்ணீரை வாயில் நிரப்பிக்கொண்டார், பூவைத் தலைமயிரில் செருகிக்கொண்டார், மலையேறிவிட்டார்.

கோயிலில் இதைக் கேட்கிறவர்கள் அன்பைப் பார்த்துக் கண் கலங்குவார்கள். கலங்க வேண்டிய இடம்தான். பை தைக்கிறவர் கண்ணுக்கு இன்னொன்றும் தெரிய வேண்டும். அத்தனை நெருக்கடியிலும் திண்ணனார் வில்லைக் கீழே வைக்கவில்லை. காட்டில் எந்தப் புதரிலிருந்து என்ன வரும் என்று தெரியாது. இரவெல்லாம் சாமிக்குக் காவல் நின்றதும் அந்த வில்லோடுதான். வில் கைக்கு எட்ட வேண்டும், கறி கெடாமல் மேலே போய்ச் சேர வேண்டும், கால் வழுக்கினால் பாறையைப் பிடிக்க ஒரு கையாவது சும்மா இருக்க வேண்டும். இன்றைக்கு அமெரிக்காவின் மான்டானா மலைகளில் வேட்டைக்குப் போகிறவர் கடையில் கேட்பதும் இந்த மூன்றையும்தான்.

இன்னும் பழைய சாட்சி ஒன்று உண்டு. 1991-இல் ஆல்ப்ஸ் மலையில், இத்தாலிக்கும் ஆஸ்திரியாவுக்கும் நடுவே, பனிக்குள்ளிருந்து ஒரு மனிதனின் உடல் வெளிப்பட்டது. ஓட்சி என்று பெயர் வைத்தார்கள். ஐயாயிரம் ஆண்டுக்கு மேல் பழைய உடல். பக்கத்தில் இன்னும் செதுக்கி முடிக்காத வில் ஒன்று, 1.82 மீட்டர் நீளம், அவன் உயரத்தைத் தாண்டும். தோல் தூணியில் 14 அம்புகள், அவற்றில் இரண்டுதான் எய்வதற்குத் தயார். வயிற்றில் காட்டு ஆட்டுக் கறியும் மான் கறியும். இவற்றோடு வளைத்த ஒரு குச்சியும் சிறு பலகைகளும் கிடைத்தன. முதுகுச் சுமைக்கான சட்டம் அது என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். அவனுக்கே பைக்குச் சட்டம் வேண்டும் என்று தோன்றியிருக்கிறது. தாதர் நடைபாதையில் தொங்கும் பைகளில் அப்படி ஒன்றைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

சட்டத்தில்தான் விஷயம் எல்லாம் இருக்கிறது, அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். நீங்கள் தைக்கும் பெரிய பைகளில் இடுப்புப் பட்டை வைக்கிறீர்கள். பக்கிளும் போடுகிறீர்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், அது வெறும் அலங்காரம். பாரம் இடுப்பெலும்பின் மேல் இறங்க வேண்டுமென்றால் தோளிலிருந்து இடுப்பு வரை விறைப்பாக ஏதாவது நிற்க வேண்டும். உள்ளே வெறும் ஃபோம் இருந்தால், இருபது கிலோ ஏற்றியதும் பை நடுவில் மடிந்து உட்கார்ந்துவிடும். இடுப்புப் பட்டை தொளதொளவென்று நிற்கும், கனமெல்லாம் தோளில் தொங்கும். சட்டம் இருந்தால் கனத்தில் பெரும்பங்கை இடுப்பு வாங்கிக்கொள்ளும், தோள் பட்டைக்குப் பையைச் சாயாமல் பிடித்துக்கொள்வது மட்டுமே வேலை. சட்டம் தோளை விடக் கொஞ்சம் உயரமாகவும் இருக்க வேண்டும். அதன் உச்சியிலிருந்து தோள் பட்டைக்கு ஒரு சின்ன நாடா சாய்வாக இறங்கும். அதை இழுத்தால் பாரம் முதுகோடு ஒட்டும், தளர்த்தினால் தோள் மூச்சு விடும்.

இதை ஒருவர் கண்டுகொண்ட கதை உங்களுக்குப் பிடிக்கும். 1950-களின் தொடக்கத்தில் கலிபோர்னியா மலைகளில் நடந்துகொண்டிருந்த டிக் கெல்ட்டி என்பவர், பைச் சட்டத்தின் அடி நுனிகளைத் தன் கால்சட்டையின் பின் பாக்கெட்டுகளில் செருகிப் பார்த்தார். தோளில் இருந்த கனம் இடுப்புக்கு இறங்கிவிட்டது. 1952-இல் அவர் கேரேஜில் அலுமினியக் குழாயை வளைத்து விற்க ஆரம்பித்தார். பைகளை வீட்டில் உட்கார்ந்து தைத்துக் கொடுத்தவர் அவர் மனைவி நீனா. புருஷன் சட்டம் வளைக்க, பெண்டாட்டி மிஷின் ஓட்ட, வீட்டுக்குள்ளேயே கம்பெனி. தாராவியில் இப்படிக் கதவுக்குக் கதவு இருக்கிறது. அங்கே அது உலகம் முழுக்கத் தெரிந்த பிராண்டானது, இங்கே பீஸ் ரேட்டோடு நிற்கிறது.

இனி கறிக்கு வருவோம். இறைச்சியைப் போல இரக்கமில்லாத சுமை வேறு கிடையாது. அரிசி மூட்டை வைத்த இடத்தில் இருக்கும். கறி ஈரம், வழுக்கும், நடக்க நடக்கச் சரிந்து பையின் அடியில் போய் உட்காரும், ஆளைப் பின்னால் இழுக்கும். எல்க் என்று ஒரு பெரிய மான், எலும்பு நீக்கிய பிறகும் அதன் கறி நூறு கிலோவை ஒட்டி வரும். நாலைந்து நடை நடந்துதான் இறக்குவார்கள். சூடு அடங்காத கறியைப் பிளாஸ்டிக்கில் கட்டினால் புழுங்கிக் கெட்டுவிடும். அதனால் காற்றோடும் துணிப்பையில் போட்டு, நிழலில் தொங்கவிட்டு ஆறவைத்துத்தான் ஏற்றுவார்கள். தேவ்னார் ஆட்டுத்தொட்டியிலிருந்து விடியற்காலையில் வந்த ஆட்டைக் கொக்கியில் மாட்டும் கடைக்காரரும் இதையேதான் சொல்வார்.

எல்லாவற்றையும் விட முக்கியமான சங்கதி, இந்தப் பை போகும்போது காலியாகப் போகிறது, வரும்போது நிறைமாதமாக வருகிறது. பெரிய பையாகத் தைத்தால் போகும்போது தொளதொளவென்று அடித்துக்கொண்டு சத்தம் போடும், மான் ஓடிவிடும். சின்னதாகத் தைத்தால் கறிக்கு இடமில்லை. அவர்கள் கண்ட வழி எளிது. பை வேறு, சட்டம் வேறு. ஓரத்துப் பக்கிள்களைக் கழற்றினால் பை சட்டத்தை விட்டுக் கதவு மாதிரி விலகும். சட்டத்தின் அடியில் அகலமான ஒரு துணி மடிப்பு. கறிப்பையை அதன் மேல் வைத்து, தோள்பட்டை எலும்பு உயரத்துக்கு வருகிற மாதிரி இறுக்கிக் கட்டி, பையை மறுபடி மேலே இழுத்துப் பக்கிள் போட்டுவிடுவார்கள். கனம் முதுகை ஒட்டி நிற்கும், லேசான சாமான்கள் வெளிப்பக்கம் போய்விடும். ரத்தம் பட்டாலும் துடைக்கவோ கழற்றி அலசவோ முடியும். மீட் ஷெல்ஃப், அதாவது கறித் தட்டு, என்று இதற்குப் பெயர். அமெரிக்காவின் போஸ்மன் ஊரில் 2000-இல் தொடங்கிய மிஸ்டரி ராஞ்ச் என்ற கம்பெனி வேட்டைக்காரர்களுக்கும் ராணுவத்துக்கும் காட்டுத்தீ அணைப்பவர்களுக்கும் சுமைப் பைகள் செய்து பெயர் வாங்கியது. 2024-இல் அதை யெட்டி என்ற பெரிய கம்பெனி வாங்கிக்கொண்டது. சட்டம் சரியாக அமைந்துவிட்டால் பைக்குள் மான் இருக்கிறதா, தண்ணீர்க் குழாய் இருக்கிறதா என்று முதுகு கேட்காது.

வில்லுக்கு வருகிறேன், இதில் நானே கொஞ்சம் அடிபட்டவன். ரிகர்வ் வில் என்றால் கவலையில்லை. நடுவிலுள்ள ரைசர் 25 அங்குலம், இரண்டு லிம்பையும் கழற்றினால் சாதாரணப் பையிலேயே அடங்கிவிடும். காம்பவுண்ட் வில் அப்படி இல்லை. ஹாலஸ் வில்பர் ஆலன் என்ற அமெரிக்கர் கண்டுபிடித்து 1969-இல் பேடண்ட் வாங்கிய சாமான் அது. இரண்டு நுனியிலும் கேம் என்ற சக்கரம், நடுவே நாணும் கேபிளும். பிரஸ் என்ற கருவி இல்லாமல் நாணைக் கழற்ற முடியாது. நுனிக்கு நுனி முப்பதிலிருந்து நாற்பது அங்குலம் வரை, முழுசாகத்தான் தூக்க வேண்டும்.

வேட்டைப் பையில் வில்லின் கீழ்நுனிக்கு ஒரு சின்னக் கிண்ணப் பை இருக்கும், மேலே ஒரு பட்டை இழுத்துப் பிடிக்கும். படத்தைப் பார்த்தால் அரை மணி நேர வேலை என்று தோன்றும். தோன்றினால் ஏமாந்துபோவீர்கள். பட்டை ரைசரைத்தான் பிடிக்க வேண்டும், நாண் மேலோ கேபிள் மேலோ விழக்கூடாது. கிண்ணத்தின் விளிம்பில் கேபிள் உரசினால் நூல் பிரிய ஆரம்பிக்கும், அப்புறம் அந்த வில்லை இழுப்பது ஆபத்து. வில்லை உயர்த்திக் கட்டினால் காட்டில் கிளையில் மாட்டும், நம் ஊரில் லோக்கலின் கைப்பிடி வளையத்தில் மாட்டும். தாழ்த்திக் கட்டினால் படியேறும்போது தொடையில் இடிக்கும். அதனால் ஆளுக்குத் தக்கபடி ஏற்றி இறக்க வழி வேண்டும்.

அமெரிக்கக்காரர் யோசிக்காத ஒன்றும் இருக்கிறது. மும்பையில் ரயில் ஏறும்போது நாம் எல்லாரும் பையை முன்னால் மாட்டிக்கொள்வோம். வில் கட்டிய பையை முன்னால் மாட்டினால் நமக்கே வழி தெரியாது. கழற்றிப் பக்கவாட்டில் பெட்டியைப் போலத் தூக்க ஒரு கைப்பிடி வேண்டும். ரயிலின் மேல் தட்டில் படுக்க வைத்தால் வில்லில் குறிபார்க்கும் சைட் நசுங்காமலிருக்க அந்தப் பக்கம் ஒரு விறைப்பான தகடு வேண்டும். மேலே மூட ஓர் உறை வேண்டும். வில்லைப் பார்த்ததும் கூட்டத்தில் பாதிப் பேர் ராமாயணம் பேச ஆரம்பிக்கிறார்கள், மீதிப் பேர் ஒதுங்கி நிற்கிறார்கள். குர்லாவில் வண்டி மாறுகிற பெண்பிள்ளைக்கு இரண்டும் தொந்தரவுதான். இந்தத் தேவைகளை மான்டானாவில் இருப்பவரால் ஊகிக்க முடியாது. மாஹிமிலோ சயானிலோ தினமும் ரயில் ஏறுகிற உங்களுக்கு நான் சொல்லவே தேவையில்லை.

“யார் வாங்குவார்கள்?” என்பீர்கள். நியாயமான கேள்வி. 2023 ஆகஸ்டில் பெர்லினில் நடந்த உலக வில்வித்தைப் போட்டியில் காம்பவுண்ட் பெண்கள் தனிநபர் தங்கத்தை வென்றது நம் மாநிலத்து சாதாராவைச் சேர்ந்த அதிதி சுவாமி, வயது 17. ஆண்கள் தங்கத்தை வென்றவர் நாக்பூர்க்காரர் ஓஜஸ் தேவ்தளே. 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் காம்பவுண்டுக்குக் கலப்பு அணிப் போட்டியும் வருகிறது. சாதாராவிலும் நாக்பூரிலும் பூனாவிலும் இந்த வில்லைச் சுமக்கும் பிள்ளைகள் கூடிக்கொண்டே போவார்கள். ஆனாலும் உண்மையைச் சொல்ல வேண்டும், வில்லாளிகளை மட்டும் நம்பி ஒரு கார்கானா ஓடாது. அமெரிக்க வேட்டைக்காரர்களுக்கு ஏற்றுமதி என்று கனவும் காணாதீர்கள். அங்கே ஒரு தையல் பிரிந்தால் மலை நடுவில் ஆள் மாட்டிக்கொள்வான், பேர் கெட்டுவிடும். அது பின்னால் வரட்டும்.

வில் கிண்ணத்தைக் கழற்றிவிட்டுச் சட்டத்தையும் தட்டையும் மட்டும் பாருங்கள். லிஃப்ட் இல்லாத நாலாவது மாடிக்கு 20 லிட்டர் கேன் தூக்கும் பையனுக்கு அது வேண்டும். கல்யாண வீட்டுக்குக் கேமராப் பெட்டியும் ஸ்டாண்டும் சுமக்கிறவருக்கு வேண்டும். சனி ஞாயிறுகளில் கல்சுபாய்க்கும் ஹரிச்சந்திரகட்டுக்கும் கூடாரத்தோடு போகும் கூட்டத்துக்கு வேண்டும். மார்க்கெட்டில் சும்மாடு வைத்துத் தலையில் தூக்கும் ஹமால் இதை வாங்குவாரா என்றால், விலை இறங்கினால் வாங்குவார் என்றுதான் நினைக்கிறேன். கழுத்தெலும்பு தேய்ந்த பிறகு வாங்கிப் பிரயோசனமில்லை.

உங்களை ஏன் கேட்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பாந்திராவில் ஆட்டுத்தொட்டி இருந்த காலத்தில் அதை நம்பித்தான் தாராவியில் தோல் பதனிடும் ஷாப்புகள் வந்தன. திருநெல்வேலிப் பக்கத்து முஸ்லிம் குடும்பங்கள் அந்தத் தொழிலைக் கொண்டுவந்தார்கள், நம் சனங்கள் பதனிடும் தொட்டியில் இறங்கி வேலை பார்த்தார்கள். 1971-இல் தேவ்னார் ஆட்டுத்தொட்டி வந்தது, பின்னால் தோல் ஷாப்புகள் ஒவ்வொன்றாக வெளியேறின. வெட்டுவதும் தைப்பதும் இங்கேயே நின்றது. 2015-இல் மகாராஷ்டிரத்தில் காளைமாடு, எருது வெட்டுவதற்கும் தடை வந்தபோது பல மிஷின்கள் ஓய்ந்ததை நீங்களே பார்த்தீர்கள். அந்த நேரத்தில் சுதீர் ராஜ்பர் என்ற ஓவியர், வேலையிழந்த தோல் தொழிலாளர்களைச் சேர்த்துக்கொண்டு மறுசுழற்சி ரப்பரில் பை செய்யத் தொடங்கினார். சமார் ஸ்டூடியோ என்று பெயர் வைத்தார். வசவாக வீசிய சாதிப் பெயரையே லேபிளில் அடித்து விற்றார். பொருள் மாறினாலும் கை மாறவில்லை, விலை மட்டும் ஏறியது. நைலானையும் அலுமினியத்தையும் வைத்து அதே காரியத்தை ஏன் செய்யக்கூடாது?

இப்போது தாராவி மறுமேம்பாடு வேறு. 2022 நவம்பரில் அதானி குழுமம் ஏலத்தில் ஜெயித்ததிலிருந்து சர்வே, எண், தகுதி என்றுதான் பேச்சு. 2000 ஜனவரி 1-க்கு முந்தைய காகிதம் இருக்கிறதா என்று ஆளாளுக்கு டிரங்குப் பெட்டியைக் கிளறுகிறார்கள். யாருக்கு எங்கே இடம் கிடைக்கும் என்று ஜோசியம் சொல்ல நான் வரவில்லை. ஆனால் எங்கே போனாலும், அடுத்தவர் பிராண்டின் நகலைத் தைக்கிறவரை எவரும் எளிதில் மாற்றிவிடுவார்கள். சட்டம் வைத்த சுமைப் பையை அளவெடுத்துத் தைக்கத் தெரிந்தவரைத் தேடிக்கொண்டு ஆள் வரும்.

சாம்பிளுக்குச் சில விவரங்கள். துணி நைலானாக இருக்கட்டும், குறைந்தது 500 டீனியர். பள்ளிப் பைக்குப் போடும் பாலியஸ்டர் வேண்டாம். முதுகுச் சட்டத்துக்கு இரண்டு அலுமினியப் பட்டைகள், 6061 ரகம். சி.பி. டேங்க் பக்கத்து உலோகக் கடைகளில் கேளுங்கள். 13-வது காம்பவுண்டில் பழைய அலுமினியத்தை உருக்கி வார்க்கும் கட்டி பக்கத்திலேயே மலிவாகக் கிடைக்கிறது என்று அதில் இறங்க வேண்டாம், வளைத்தால் விரிசல் விடும். நூல் பாண்டட் நைலான். தோள் பட்டையும் இடுப்புப் பட்டையும் சட்டத்தில் சேரும் இடங்களில் கட்டம் போட்டுக் குறுக்குத் தையல், அதன் மேல் பார்டாக். பக்கிளில் மட்டும் காசை மிச்சம் பிடிக்காதீர்கள். தையலெல்லாம் பிடித்து நின்று பக்கிள் உடைந்தால் ஆள் பக்கிளைத் திட்ட மாட்டான், உங்களைத்தான் திட்டுவான். லேபிளில் உங்கள் கார்கானாவின் பெயர் இருக்கட்டும், அதைத் தமிழில் போட்டாலும் எனக்குச் சந்தோஷமே.

செம்பூரிலும் மாட்டுங்காவிலும் வில் பழகும் பிள்ளைகளின் பெற்றோர் சிலர் சேர்ந்திருக்கிறோம். முதல் சாம்பிளுக்குத் துணியும் பட்டையும் நாங்கள் வாங்கித் தருகிறோம், கூலியில் பாதி முன்பணம். பை வந்ததும் கறிக்குப் பதில் 25 கிலோ அரிசி மூட்டையை அந்தத் தட்டில் கட்டி, வெளியே வில்லையும் மாட்டி, செட்டா நகர் முருகன் கோயில் படிகளில் ஏற்றி இறக்கிப் பார்ப்போம். தைத்தவரும் வந்து ஒரு நடை சுமந்து பார்க்க வேண்டும் என்பது எங்கள் நிபந்தனை. எங்கே வெட்டுகிறது, எங்கே சரிகிறது என்று அங்கேயே சாக்பீஸால் குறித்து அடுத்த சாம்பிளுக்குப் போகலாம். மூட்டையை மேலேயே அன்னதானத்துக்குக் கொடுத்துவிட்டால் இறங்கும்போது காலிப் பை எப்படி நடந்துகொள்கிறது என்பதும் தெரிந்துவிடும்.

பீஸ் ரேட்டை நீங்களே சொல்லுங்கள். பேரம் பேச மாட்டோம் என்று சொன்னால் நீங்கள் நம்பப் போவதில்லை. பேசத்தான் செய்வோம், ஆனால் பள்ளிக்கூடப் பை ரேட்டில் ஆரம்பிக்க மாட்டோம். மழை பிடிப்பதற்குள் முதல் பை கைக்கு வந்தால் நல்லது, நனைந்தால் என்ன ஆகிறது என்பதையும் பார்த்துவிடலாம்.

இப்படிக்கு,
செம்பூரிலிருந்து வில்லாளிப் பிள்ளை ஒருத்தியின் அப்பா